கவ்பாய் ஜீப்

சூரியநெல்லியிலிருந்து மலையேறும் ஜீப்புகளில் சதீஷின் ஜீப்பை மட்டும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மூன்று வளைவுக்கு அப்பால் வரும்போதே காதுக்குத் தெரிந்துவிடும். மேற்கூரையில் அவன் மாட்டியிருந்த புனல் ஸ்பீக்கரிலிருந்து ஒரு விசில் கிளம்பும். நரி ஊளையிடுவதுபோலச் சட்டென்று ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கடைசியில் ஒரு நீண்ட இழுப்பு. பிறகு கிடார், குதிரைக் குளம்பு போல ஒரு தட்டல், தொலைவில் யாரோ அடித்தொண்டையில் கத்துவது போன்ற கூட்டுக்குரல். தேயிலைக் காட்டில் கொழுந்து எடுக்கும் பெண்கள் நிமிர்ந்தே பார்க்காமல், "கவ்பாய் வாறான்" என்பார்கள்.

அது ஒரு பழைய கவ்பாய் படத்தின் இசை. இத்தாலிக்காரர்கள் எடுத்த படம். சதீஷ் அதை முதலில் பார்த்தது பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில்.

சதீஷின் அப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து எஸ்டேட்டுக்கு வந்தவர். அவர் காலமான பிறகு அம்மாவின் கூலியில்தான் அவன் ஐ.டி.ஐ. முடித்தான். எஸ்டேட் வேலையே வேண்டாம் என்று கஞ்சிக்கோட்டில் ஒரு இரும்பு உருக்கு ஆலைக்குப் போனான். அங்கே அறைத்தோழனாக வாய்த்தவன் பாசில். பாலக்காட்டில் பெட்டிக்கடை வைத்திருந்த ராவுத்தர் வீட்டுப் பிள்ளை, சினிமாப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் கதவைச் சாத்திவிட்டு மடிக்கணினியில் ஏதாவது படம் போடுவான். வெளியே கணவாய்க் காற்று பனைமரங்களைப் போட்டு உலுக்கிக்கொண்டிருக்கும். மண் பறந்து வந்து ஜன்னல் கம்பியில் படியும். அப்படி ஒரு மதியத்தில்தான் அந்தப் படம் ஓடியது. திரையிலும் மண், காற்று, காய்ந்த வெளி. தொப்பியைக் கண் வரைக்கும் இறக்கிவிட்ட ஒருவன் குதிரையில் வந்தான்.

"அந்த ஆளு வாயவே தொறக்க மாட்டான், பாத்துக்க. அவனுக்குப் பதிலா சீட்டிதான் பேசும்" என்றான் பாசில்.

சதீஷுக்கு அது பிடித்துப்போனது. எத்தனை பேர் சுற்றி நின்று மிரட்டினாலும் பதில் சொல்லாமல் கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்கிறானே, அவன்தான் ஆம்பிளை என்று தோன்றியது. கதையைவிட அந்த விசில்தான் ஒட்டிக்கொண்டது. உலைக்கு முன்னால் நிற்கும்போதும் உதட்டில் அதுதான் இருக்கும்.

இரண்டு வருடத்தில் ஆலையின் சூடு ஒத்துக்கொள்ளாமல் மலைக்கே திரும்பினான். ஓய்வுபெற்ற அம்மாவின் வேலை அவன் கட்டிக்கொண்ட சித்ராவுக்கு வந்தது. அவள் தேயிலை பேக்டரியில் சேர்ந்தாள். எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் லயத்து வீடும் அதனால் கைவிட்டுப் போகவில்லை. சதீஷ் ஒரு பழைய ஜீப்பை வாங்கி, சூரிய உதயம் பார்க்க வரும் சுற்றுலாக்காரர்களை மலையுச்சிக்கு ஏற்றி இறக்க ஆரம்பித்தான். எண்பது ஜீப்புகள் ஓடுகிற தடத்தில் எண்பத்தொன்றாவதாக அவன் வண்டி. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருநாள் விளையாட்டாக அந்த இசையைப் போட்டான். கல்லும் குழியுமான பாதையில் வண்டி குலுங்க, பனிக்குள்ளிருந்து முதல் வெளிச்சம் வர, பின்னால் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண்கள் கூவித் தீர்த்தார்கள். அதில் மௌனிகா என்ற பெண் அதைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றிவிட, மூன்றே வாரத்தில் அவனுக்குப் போன் மேல் போன். "கவ்பாய் ஜீப்தானே?" என்று கேட்டுத்தான் பேசவே தொடங்கினார்கள். ஒரு தொப்பி வாங்கினான். ஸ்பீக்கரை வெளியே மாட்டினான். வளைவுகளில் ஹாரனுக்குப் பதிலாகவே அந்த விசிலை வைத்துக்கொண்டான்.

அவனைக் கெட்டவன் என்று யாரும் சொன்னதில்லை. முதல் ட்ரிப்பைச் சூரியநெல்லியில் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு மேல் டிவிஷனுக்குத் திரும்பும்போது, வழியில் பெரட்டுக்கு நடந்துபோகிற பெண்களை ஏற்றிக்கொள்வான். பெரட்டு என்றால் காலையில் ஆள் எண்ணி வேலை பிரித்துக்கொடுக்கிற கூட்டம். ஏழரைக்குள் போய்ச் சேராவிட்டால் அன்றைய வேலை இல்லை. கீழ் லயத்திலிருந்து வருகிற அழகுத்தாய்க்கு முழங்கால் வலி. நாற்பத்தெட்டு வயதுக்குள் கால் தேய்ந்துபோயிருந்தது. தேயிலைக்கு நடுவே வரும் குறுக்குப் பாதையில் மெல்ல ஏறி வருவாள். விசில் கேட்டால் போதும், கொஞ்சம் எட்டி நடந்து ஓடைப்பாலத்துக்குப் பக்கத்தில் ரோட்டில் ஏறி நின்றுகொள்வாள். சதீஷ் நிறுத்தாமல் போனதே இல்லை.

"ஒம் பாட்டு கேட்டாத்தான் எங்காலுக்கு உசுரு வருது தம்பி" என்பாள், முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து.

அந்தப் பக்கத்தில் ஆனை நடமாட்டம் உண்டு. சோலையிலிருந்து அணைப்பக்கம் தண்ணீருக்கு இறங்கும்போது எஸ்டேட் ரோட்டைக் கடக்கும். அதைக் கவனித்து ஆட்களை எச்சரிக்கச் சுடலை என்ற தற்காலிக வாட்சர் இருந்தார். பதினொரு வருடமாக அதே பாறைமேடு, அதே வேலை. ஆனை ரோட்டுக்கு வந்துவிட்டது என்றால் இரண்டு விரலை மடக்கி வாயில் வைத்து ஒரு சீழ்க்கை அடிப்பார். கீழ் லயம் வரைக்கும் கேட்கும். செல்போன் செய்தியெல்லாம் பிறகுதான் வந்தது. டவர் கிடைக்காத சரிவுகளில் அவர் விசில்தான் ஆட்களைக் காத்தது.

நவம்பர் மாதம் ஒருநாள் போனில் சார்ஜ் இல்லாததால் பாட்டுப் போடாமல் வந்துகொண்டிருந்தான் சதீஷ். யூகலிப்டஸ் வளைவுக்கு முன்னால் அவனுடைய விசில் கேட்டது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒரு இழுப்பு. எவனோ நம்ம பாட்டைத் திருடிட்டான் என்று கோபம் வந்தது. அந்த ஜீப்பைப் பிடித்துவிட வேண்டுமென்று ஆக்சிலேட்டரை மிதித்தான். வளைவைத் திரும்பினால் ரோட்டின் குறுக்கே இரண்டு பெண்யானையும் ஒரு குட்டியும். பிரேக் போட்டு, பின்னாலேயே எடுத்துத் தப்பித்தான். மேலே பாறையில் நின்று சுடலை இன்னும் ஊதிக்கொண்டிருந்தார். பனியில் பட்டுத் தெறித்து வரும்போது இரண்டும் ஒன்றாகவே இருந்தது.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது அதைச் சித்ராவிடம் சிரித்துக்கொண்டே சொன்னான்.

சித்ரா சிரிக்கவில்லை. "ஒனக்கே வெளங்கல. அப்ப நடந்து போறவகளுக்கு எப்பிடி வெளங்கும்? வேற பாட்டப் போடு."

"சீசன் முடியட்டும். மாத்திருவோம்."

"சுடல மாமாகிட்டயாச்சும் சொல்லு."

"சரி, சரி" என்றான். சொல்லவில்லை. மறந்துபோனான் என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டான். மறக்கவில்லை. சொன்னால் பாட்டை நிறுத்தச் சொல்வார்கள் என்று தெரியும். டிசம்பருக்கு வண்டி முழுக்கப் பதிவாகியிருந்தது.

டிசம்பர் பதினேழாம் தேதி ஜீப்பின் கிளட்ச் போய்விட்டது. அன்று சாயந்தரமே பூப்பாறையில் பூபதிராஜாவின் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு, மறுநாள் காலை ஆறு மணி பஸ்ஸில் போய் அங்கே நின்றுகொண்டிருந்தான். எட்டரைக்குப் போன் வந்தது. ஓடைப்பாலத்துக்குப் பக்கத்தில் அழகுத்தாயை ஆனை தூக்கி எறிந்துவிட்டது. உயிர் இருக்கிறது. தேனி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள்.

மத்தியானம் வண்டி தயாரானதும் நேரே லயத்துக்கு வந்தான். டீக்கடையில் கூட்டமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்செல்லாம் சுடலையைப் பற்றித்தான்.

"விசிலே ஊதல அந்தாளு. ஊதியிருந்தா ஒருத்தர் காதுலயாச்சும் விழுந்திருக்காது?"

"தூங்கியிருப்பாரு. பனி இல்ல?"

"நாங்க ஏழு பேரு பின்னால வந்தோம். எங்களுக்கு ஒண்ணுமே கேக்கல. சதீஷ் ஜீப்புப் பாட்டுதான் கேட்டுச்சு."

சதீஷின் கையிலிருந்த டீ கிளாஸ் அப்படியே நின்றது. ஜீப்பு பூப்பாறையில் சக்கரத்தைக் கழற்றிப்போட்டுக் கிடந்த நேரம் அது. பாட்டு எங்கிருந்து கேட்கும்? அவனுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஊதியிருக்கிறார். ஏழு பேரும் கேட்டிருக்கிறார்கள். கேட்டது சுடலையின் விசிலைத்தான்.

அப்போதுதான் வனக்காவலர் ஒருவர் ஒரு நோட்டோடு கடைக்குள் வந்தார். எல்லாரிடமும் எழுதி வாங்கிக்கொண்டிருந்தவர், சதீஷைப் பார்த்ததும் கேட்டார்.

"சதீஷே, அன்னேரம் உன் வண்டி அந்த வழிதானே போயிருந்து, அல்லே?"

கடையில் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். ஏழு பேரும் கேட்டிருக்கிறோம், இதில் என்ன சந்தேகம் என்பதுபோன்ற பார்வை. சதீஷ் தலையை ஆட்டினான். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்படி ஒரு ஆட்டம். காவலர் ஆமாம் என்று எழுதிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். வாயைத் திறந்து பொய் சொல்லவில்லை என்பது அன்று முழுக்க அவனுக்கு ஒரு ஆறுதலாக இருந்தது. மறுநாள் விடியும்போது அந்த ஆறுதல் இல்லை.

நான்காம் நாள் தேனிக்குப் போனான். அழகுத்தாய்க்கு இடுப்பெலும்பு முறிந்து, வலது கால் முழுக்கக் கட்டுப் போட்டிருந்தது. மகள் கற்பகம் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். சதீஷைப் பார்த்ததும் அழகுத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன் தம்பி நிக்காமப் போயிட்ட?"

அவனுக்குப் புரியவில்லை.

"ஒம் பாட்டக் கேட்டுத்தான் வெரசா ஏறி வந்தேன். அன்னிக்கு நடக்கவே முடியல. தம்பி வந்துட்டான், ஏறிக்கிருவோம்னு வந்து நின்னா வண்டியக் காணோம். அதுதான் நிக்கிது. மல மாதிரி." போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். "ஒரு நிமிசம் நின்னிருக்கக் கூடாதா? நான் என்ன செஞ்சேன் ஒனக்கு?"

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. நான் வரவே இல்லை அக்கா என்று நாலு சொல். ஆனால் அந்த நாலு சொல்லோடு நிற்காது. வரவில்லை என்றால் கேட்டது யார் விசில்? உனக்கு முன்னமே தெரியுமா? தெரிந்துமா போட்டாய்? கொண்டுபோன ஆரஞ்சுப் பையைக் கட்டிலுக்குக் கீழே வைத்தான். "கவனிக்கல அக்கா, மன்னிச்சுக்க" என்றான். இந்த முறை தலையாட்டல் இல்லை. வாயைத் திறந்து சொன்ன பொய்.

அன்று மாலையே ஸ்பீக்கரைக் கழற்றி விறகுக்கட்டைகளுக்குப் பின்னால் போட்டான். ஒயர் கருகிப்போச்சு என்று கேட்டவர்களிடம் சொன்னான். சித்ரா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி அன்னிக்குப் பூப்பாறையிலல்ல கெடந்துச்சு?"

"தெரியுதுல்ல. சும்மா இரு."

"நான் சும்மாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. சாப்பாடு வைத்தாள், துணி துவைத்தாள், மற்றதெல்லாம் பேசினாள். எதிரே உட்கார்ந்து அவள் சாப்பிடுவது மட்டும் நின்றுபோயிற்று.

பொங்கலுக்கு முன்னால் சுடலையை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். எட்டுப் பேருடைய மொழி, அதாவது வாக்குமூலம், ஒரே மாதிரி இருந்தது. விசில் கேட்கவில்லை, ஜீப்பின் பாட்டுதான் கேட்டது என்று. எதிரே சுடலையின் ஒற்றை மொழி: ஊதினேன். அவர் யாரிடமும் சண்டை போடவில்லை. எட்டாவது மொழி தன்னுடைய தலையாட்டல்தான் என்று சதீஷுக்குத் தெரியும். போடியில் மகள் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு டிரங்குப் பெட்டியோடு சுடலை பஸ் ஏறிய காலையில், டீக்கடை வாசலில் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். ஒருவரும் பெட்டியைத் தூக்கிவிடவில்லை. சதீஷும் தூக்கிவிடவில்லை. ஜீப்புக்கு அடியில் படுத்து, கோளாறு எதுவுமில்லாத நட்டு ஒன்றைத் திருகிக்கொண்டிருந்தான்.

சீசன் ஓடியது. பாட்டு எங்கே என்று கேட்டார்கள் சுற்றுலாக்காரர்கள். சிலர் தங்கள் போனிலேயே போட்டுவிட்டுக் கூவினார்கள். அந்த விசில் தொடங்கும்போதெல்லாம் ஆக்சிலேட்டரை மிதித்து, இன்ஜின் சத்தத்தில் அதை அமுக்கப் பார்த்தான். சில நாள் அவன் அறியாமலே அது அவன் உதட்டில் வந்து உட்கார்ந்திருக்கும். திடுக்கிட்டு வாயைத் துடைத்துக்கொள்வான். கஞ்சிக்கோட்டு அறையில் பார்த்த அந்த ஆளை நினைத்துக்கொள்வான். அவன் பேசாமல் நின்றபோது அது தைரியமாக இருந்தது. தன் வாய்மூடலுக்கு என்ன பெயர் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஏப்ரலில் ஒரு குடும்பத்தை அழைத்துவரப் போடி ரயில் நிலையத்துக்குப் போகவேண்டி வந்தது. சென்னை ரயில் தாமதம். வண்டியை நிழலில் விட்டுவிட்டு நடந்தவன், நிலையத்துக்குப் பின்னால் ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றின் வாசலில், காவலாளிக் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருந்த சுடலையைப் பார்த்தான். திரும்பிவிடலாம் என்று நினைப்பதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"மாப்ளே! வா, வா. ஒன்னயத்தான் கேக்கணும்னு இருந்தேன்." நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். மெலிந்திருந்தார். "அன்னிக்கு நீ எந்த வளைவுலருந்து பாட்டுப் போட்டுட்டு வந்த?"

"எதுக்கு மாமா?"

"எனக்குக் கேக்கவே இல்ல மாப்ளே. எட்டுப் பேரு கேட்டம்னு சொல்லுதாங்க. பாறை மேல நின்ன எனக்குல்ல மொதல்ல கேட்டிருக்கணும்? ஒம்பாட்டு எனக்குத் தெரியாதா? அதான் காது போயிருச்சோன்னு பயந்துபோயித் தேனியில டாக்டர்ட்டக் காமிச்சேன். மிசின் வச்சுப் பாத்துட்டுக் காதுல ஒண்ணுமில்லங்காரு."

சதீஷ் கையை உருவிக்கொள்ளப் பார்த்தான். அவர் விடவில்லை.

"காது நல்லாருக்குன்னா, அப்ப புத்திதான் சரியில்லன்னு ஆகுது, என்ன?" சுடலை சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "மொதல்ல ஊதினேன், ஊதினேன்னுதான் சொல்லிட்டிருந்தேன். இப்ப வரவர எனக்கே சந்தேகமா இருக்கு. கண்ண மூடுனா வெரல வாயில வச்சது தெரியுது. ஆனா அது அன்னிக்கு வச்சதா, அதுக்கு முந்தின நாள் வச்சதா? பதினொரு வருசமா வச்ச வெரல். எத நம்புறது? நாந்தான் ஊதாம நின்னு அந்தப் பிள்ளைய ஆனைக்குக் குடுத்துட்டேனோன்னு தோணுது மாப்ளே. சோறு எறங்க மாட்டேங்குது."

அவருக்கு வேலை போனதைத்தான் தன் குற்றம் என்று இத்தனை நாளும் எண்ணிக்கொண்டிருந்தான் சதீஷ். வேறு வேலை கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டபோது கொஞ்சம் மூச்சுக்கூட விட்டிருந்தான். அந்த மனிதரின் கண்ணையும் காதையும் அவரே நம்பாதபடி செய்துவிட்டோம் என்பது அந்த வெயிலில் நிற்கும்போதுதான் தெரிந்தது.

"நீங்க ஊதினீங்க மாமா."

"என்ன?"

"ஊதினீங்க. அவுக கேட்டது ஒங்க விசில்தான். என் வண்டி அன்னிக்கு அங்க இல்லவே இல்ல. பூப்பாறையில ஒர்க்‌ஷாப்புல கெடந்துச்சு. ஒங்க விசிலக் கேட்டுத்தான் அழகுத்தாயக்கா நான் வாறேன்னு நெனச்சு ரோட்டுக்கு வந்திருக்கு. ரெண்டும் ஒண்ணுபோலத்தான் கேக்கும்னு எனக்கு ஒரு மாசம் முந்தியே தெரியும். சீசன் போயிரும்னு சொல்லாம இருந்துட்டேன். பெறகு பயத்துல சொல்லல."

சுடலை அவன் கையை விட்டார். நாற்காலியில் போய் உட்கார்ந்தார். திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தான் சதீஷ். அடித்தால் தேவலை என்று இருந்தது.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

சொன்னான். நடுவில் பூபதிராஜாவின் பெயரையும் தேதியையும் அவர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"நாலு மாசம்" என்றார் கடைசியில். "எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு? அங்க போயிச் சொல்லு. என்னய எங்க வச்சுத் தூங்குமூஞ்சின்னு சொன்னாங்களோ, அங்க நின்னு சொல்லு. போ."

ரயில் வந்துவிட்டிருந்தது. சதீஷ் அந்தக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் ஏறினான். பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள், பாட்டுப் போடுகிற ஜீப்பு இதுதானே என்று. இல்லை என்றான்.

வீட்டுக்கு வந்து சித்ராவிடம், நாளைக்குப் பெரட்டில் சொல்லப்போகிறேன் என்றான். மறுநாள் காலையில் பேக்டரிக்குப் போக வேண்டிய அவள், பெரட்டுக்களத்தின் ஓரத்தில் வந்து நின்றிருந்தாள்.

அறுபது எழுபது பேர் முதுகில் கூடையோடு நின்றிருந்தார்கள். ஃபீல்டு ஆபீசர் ஈஸ்வரன் பேர் வாசித்து முடித்ததும் சதீஷ் முன்னால் போனான். எப்படித் தொடங்குவது என்று இரவெல்லாம் யோசித்து வைத்தது மறந்துபோயிற்று.

"எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க. சுடல மாமா அன்னிக்கு விசில் ஊதினாரு. நீங்க எல்லாரும் கேட்டீங்க."

முணுமுணுப்பு எழுந்தது. நாங்க கேட்டது ஒன் பாட்டுதானே என்றாள் ஒருத்தி. பாட்டு இல்லை என்று சொன்னான். ஒர்க்‌ஷாப்பைச் சொன்னான். நவம்பரில் வளைவில் தனக்கு நடந்ததைச் சொன்னான். டீக்கடையில் தலையாட்டியதைச் சொன்னான். ஆஸ்பத்திரியில் அழகுத்தாயிடம் சொன்ன பொய்யை மட்டும், பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை என்று, இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. முடித்தான். கற்பகம் கூட்டத்தின் நடுவிலிருந்து வந்து அவன் முன்னால் நின்றாள். கையை ஓங்கினாள். என்ன நினைத்தாளோ, இறக்கிக்கொண்டாள். "எங்கம்மா தெனமும் ஒங்க பேரச் சொல்லி அழுதுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டாள். ஒவ்வொருவராக மற்றவர்களும் போனார்கள். ஈஸ்வரன் பேரேட்டில் ஒரு வெற்றுப் பக்கத்தை விரித்து எதையோ தேடுவதுபோல் குனிந்திருந்தார்.

அன்று மாலை அழகுத்தாய் ஆள் அனுப்பியிருந்தாள். கீழ் லயத்து வீட்டில், கட்டிலுக்குப் பக்கத்தில் ஊன்றுகோல் சாய்த்திருந்தது.

"அப்ப நீ என்னய விட்டுட்டுப் போகல?" என்றாள்.

"இல்லக்கா."

"வரவே இல்ல?"

"வரவே இல்ல."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியதுபோல நீளமாக ஒரு மூச்சு விட்டாள். "ஆன மேலகூட எனக்குக் கோவமில்ல தம்பி. அது சீவன், அதுக்கென்ன தெரியும்? நீ கண்டும் காணாமப் போயிட்டியேன்னுதான் வயிறு எரிஞ்சு கெடந்தேன். அத அன்னிக்கே சொல்லியிருந்தா நான் எம்புட்டு நிம்மதியா இருந்திருப்பேன்." பிறகு கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். முகம் இறுகியிருந்தது. "எனக்கு நீ செஞ்சது வேற. சுடலையண்ணனுக்குச் செஞ்சது வேற. அத நான் மன்னிக்க முடியாது. அது எங்கிட்ட இல்ல."

வன அலுவலகத்தில் புதிதாக மொழி கொடுத்தான். பூபதிராஜாவும் வந்து கையெழுத்துப் போட்டார். ஜீப் சங்கத்தில் மூன்று மாதம் அவன் வண்டியை ஓட்டக் கூடாது என்று நிறுத்தி வைத்தார்கள். எஸ்டேட் ரோட்டில் எந்த ஜீப்பும் வெளியே கேட்கும்படி பாட்டுப் போடக் கூடாது என்று தட்டி வைத்தார்கள். அந்த மூன்று மாதமும் அவன் பேக்டரியில் மூட்டை சுமந்தான். செவ்வாய்க்கிழமை தோறும் அழகுத்தாயை இரவல் வண்டியில் தேனி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் வந்தான். அவள் வேண்டாமென்று சொல்லவில்லை. கற்பகம் மட்டும் கூடவே வந்து, வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவாள். சித்ரா மறுபடி எதிரே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தது ஆடி மாதத்தில் எப்போதோ. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

சுடலைமேல் தவறில்லை, எச்சரிக்கை கொடுத்திருக்கிறார், திரும்ப வேலையில் சேரலாம் என்று உத்தரவு வந்தது. சாரல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் அவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். அலுவலகத்துக்குப் போய் அந்தத் தாளை வாங்கிக்கொண்டார். வேலையில் சேர மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். தாளை நகல் எடுத்து ஒன்றைப் பெரட்டுக்களத்துப் பலகையிலும் ஒன்றை டீக்கடைச் சுவரிலும் தன் கையாலேயே ஒட்டினார். டீக்கடையில் எல்லாரும் உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. அழகுத்தாய் வீட்டில் மட்டும் அரை மணி நேரம் இருந்துவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்.

சதீஷ் அங்கே நின்றிருந்தான். மூன்று மாதத் தடை முடிந்து அன்றுதான் வண்டியை எடுத்திருந்தான்.

"போடிவரைக்கும் கொண்டுவிடுறேன் மாமா."

"பஸ் வரும்."

இருவரும் கொட்டகைக்குள் நின்றார்கள். தகரத்தில் மழை அடித்தது. ஏதாவது கேட்க வேண்டும் என்று தோன்றி, "இப்ப நல்லாத் தூங்குறீகளா மாமா?" என்று கேட்டான் சதீஷ்.

சுடலை அவனைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. "தாள் கையில இருக்கு. ஊதினேன்னு எழுதியிருக்கு. வாசிச்சா சந்தோசமா இருக்கு. ஆனா காலைல எந்திரிச்சதும் அடுப்ப அணைச்சனா, கதவப் பூட்டுனனான்னு நாலு தடவ பாக்கேன். மக கேட்டா சொல்ல மாட்டேன். முந்தியெல்லாம் நான் அப்பிடி இல்ல மாப்ளே."

பஸ் வந்தது. டிரங்குப் பெட்டி இல்லை, ஒரு துணிப்பை மட்டும். ஏறி, முன்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தார். சதீஷ் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான். அவர் தாளை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, மழை படாமல் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். பஸ் போடிமெட்டுப் பக்கம் திரும்பி ஏறும்வரை அவர் நிமிரவில்லை.